நிற்காத பாட்டு

"சரி பண்ணாம இந்த வாசப்படிய தாண்டிப் போய்டுவியா நீ?" என்றார் முனியப்பன்.

பரணி கையில் ஸ்க்ரூ டிரைவருடன் நிமிர்ந்தான். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் துளசிராமனின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் அவன் மெக்கானிக். நாலு மாதத்துக்கு முன்னால் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து, முனியப்பனின் பழைய சி.டி. ஸ்டீரியோ செட்டில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, இன்டர்நெட் பாட்டெல்லாம் அதில் பாடும்படி செய்தவன் அவன்தான். அன்றைக்குத் தட்டிக்கொடுத்துக் காபி கொடுத்த மனிதர், இன்று காலை முதலாளிக்கே போன் போட்டுக் கத்திவிட்டார்.

முதலாளியும் லேசில் விடவில்லை. "இந்த மாசம் உம்மேல இது மூணாவது கம்ப்ளெயின்ட். 'சரியாச்சு'ன்னு அவர் வாயால எனக்கு போன் வரணும். வரலன்னா நாளைக்கு வேற கடையப் பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பரணிக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருபது நாள்தான் ஆகிறது. மாப்பிள்ளைக்கு வேலை போச்சு என்று பெண் வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா?

"அங்கிள், நல்லாத்தான பாடுது? இன்னா கம்ப்ளெயின்ட்டுன்னு சொல்லுங்க."

செட் உண்மையிலேயே நன்றாகத்தான் பாடியது. நாதஸ்வரம் கூடத்தை நிறைத்துத் தெரு வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா சரியில்ல."

"அதான், இன்னா சரியில்ல?"

"நீதான மெக்கானிக்கு? நீ பாரு."

தலையெழுத்தே என்று பரணி செட்டைத் திருப்பினான். பெட்டியிலிருந்து செட்டுக்குப் போகும் ஆப்டிக்கல் ஒயரைப் பிடுங்கினான். அதன் முனையில் சிவப்பு வெளிச்சம் சரியாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் புது ஒயர் மாட்டினான். வைஃபை பார்த்தான், முழுசாக இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டான். நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

முனியப்பன் செட்டைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஐந்து இருபது.

அவர் மனைவி மங்கம்மா அடுப்படி வாசலில் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தார்.

"ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க."

மங்கம்மா கணவர் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு நாளா இவரு சோறு துன்னல, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பாட்டுப் பெட்டிக்காக யாராவது பட்டினி கிடப்பார்களா? பரணிக்கு இப்போது கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"பாட்டு ஆப்புல பழைய கணக்குலதான ஓடுது? நீ எதனா மாத்திக் கீத்தி வெச்சியா?" என்றார் முனியப்பன்.

"இல்ல அங்கிள். அதே கணக்குதான். பாருங்க, லதான்னு பேரு கூட..."

"பேரெல்லாம் நீ படிக்காத. வேலயப் பாரு."

பரணி மறுபடி செட்டுக்குப் பின்னால் குனிந்தான். பிறகு முனியப்பனே பேசினார்.

"நான் மைன்ஸ்ல ஆள் போற கூண்ட ஏத்தி எறக்குற வைண்டிங் என்ஜின் ஓட்டினவன்டா. இருபத்தஞ்சு வருஷம். அந்தக் கேஜ் ஷாஃப்ட்டுக் குழிக்குள்ள எங்கயோ அடியில நிக்கும். ஆள் ஏறினானா, இருக்கானா, எனக்கு ஒண்ணும் தெரியாது. கீழேர்ந்து மணி அடிச்சாதான் உண்டு. அடிக்கிற நேரத்துல அடிக்கலன்னா ஆளுக்கு இன்னா ஆச்சோன்னு தோணும். ஆனா மொதல்ல ஒயரப் பாருன்னுதான் சொல்வாங்க. ஒயர்ல கோளாறா இருந்துட்டா நல்லது. நீ ஒயரப் பாரு."

"பாத்துட்டேன் அங்கிள். ஒயர், பெட்டி, நெட்டு, எதுலயும் ஒரு கோளாறும் இல்ல."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான். முனியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மணி ஐந்தே முக்கால் ஆனது. ஐந்து ஐம்பது.

சட்டென்று பாட்டு நின்றது.

பரணிக்கு உயிரே போய்விட்டது. பெட்டியோடு சேர்த்திருந்த முனியப்பனின் போனை எடுத்துப் பார்த்தான்.

"அங்கிள், இது ரிப்பேர் இல்ல. இதே கணக்குல வேற யாரோ அவங்க போன்ல பாட்டு போட்டுட்டாங்க. ஒரு கணக்குல ஒரு நேரத்துல ஒரு எடத்துலதான் பாடும். பாஸ்வேர்ட மாத்திட்டா போதும், இனிமே நிக்கவே நிக்காது..."

"தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்."

முனியப்பன் போனை அவன் கையிலிருந்து வாங்கினார். முதலாளி நம்பரை அழுத்தினார்.

"துளசி, உன் ஆள் சரி பண்ணிட்டான்பா. சுத்தமா சரியாய்டுச்சு."

செட் மூச்சுக் காட்டாமல் கிடந்தது. பரணி விழித்தான். மங்கம்மா கூடத்துக்கு ஓடி வந்தார். அழுகையும் சிரிப்புமாக அவர்தான் சொன்னார்.

"எங்க பொண்ணு லதாதான் தம்பி அது. அவ கல்யாண விஷயத்துல இவரு மூஞ்சில முழிக்காதன்னுட்டாரு. மூணு வருஷமா நாங்க போன் பண்ணாலும் அவ எடுக்கறதில்ல. ஆனா இந்தக் கணக்க மட்டும் அவ வெட்டி விடல. தெனம் சாயங்காலம் அவ பாட்டு போடுவா, இங்க நின்னுடும். நல்லாருக்கான்னு தெரிஞ்சிக்குவோம். நெறமாசம்னு வேற கேள்விப்பட்டோம். முந்தா நாள்ளேர்ந்து நிக்கவேயில்ல."

முனியப்பன் போனைப் பரணியிடம் திரும்ப நீட்டினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வரவில்லை. கண்ணாடி போட்டிருந்தாலும் அந்த ஈரக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"அவ இன்னா பாட்டு போட்டுக்கீறா? அது தெரியுமா இதுல?"

பரணி திரையைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான்.

"தாலாட்டு, அங்கிள்."