ஒருத்தரையும் தெரியாது

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். விரல்களை அகல விரித்தாள்.

அப்படி வைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஜெயசீலனைக் கடைசியா எங்க விட்டனீங்கள், அக்கா?"

"எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது, ஐயா."

ஐயா என்றாள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள்.

வெளியே கனடாவின் ஸ்காபரோ நகரத்து மத்தியான வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பராமரிப்பு இல்லத்தின் நடைவழியில் யாரோ சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்டு அவள் தோள்கள் ஒடுங்கின.

ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஜெயசீலன் படித்த காலத்தில், சண்டையை நிறுத்துங்கள் என்று இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொன்ன மாணவர்கள் கொஞ்சப் பேர் இருந்தார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் உலகமெல்லாம் சிதறிப்போனார்கள். அவர்களைத் தேடித் தேடிப் போய் அவன் பதிவுசெய்தான். லண்டனில் ஒருவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து பேசினார். ஒஸ்லோவில் ஒருத்தி முதலில் சோறு போட்டாள், பிறகு அழுதாள், பிறகுதான் பேசினாள். மா காய்ச்சிப் பசை செய்ததை, சுவரொட்டி ஒட்டியதை, ஊர்வலத்தில் செருப்பு அறுந்ததை எல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் கருவியைப் பார்த்தார்கள். இன்றைக்கும்.

ஜெயசீலன் அவனுடைய அண்ணன், அந்த மாணவர்களில் ஒருவன். தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒளிந்தவன். அதன் பிறகு யாரும் கண்டதில்லை.

எல்லாருடைய கதையும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

யோகமலருக்குத்தான் தெரியும். அவள்தான் ஜெயாவைக் கொண்டுபோய் ஒளித்தவள். அவளைப் பிடித்து நாலு மாதம் வைத்திருந்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை.

வருடக்கணக்காக அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. போன கிழமை மகள் எடுத்தாள்.

"அம்மாவுக்கு இப்ப ஞாபகம் எல்லாம் குழம்பிப் போச்சு. கெதியா வந்து பாருங்கோ."

வந்துவிட்டான்.

"அக்கா, நான் குணசீலன். ஜெயசீலன்ர தம்பி. எங்கட வீட்ட வரேக்க என்னோட கரம்போர்ட் விளையாடுவீங்கள்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்தாள்.

"போன முறையும் தம்பி எண்டுதானே சொன்னனீங்கள்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

யாரோ ஒருவன், அவளை அடைத்துவைத்த அந்த அறையில், இதே வார்த்தையைச் சொல்லி இருக்கிறான். இவ்வளவு பணிவாக. இதே இடத்தைக் கேட்டு.

"இல்லை அக்கா. இது நான். சத்தியமா நான்."

"ஒருத்தரையும் தெரியாது, ஐயா."

"அதெல்லாம் முடிஞ்சுது. இனி ஒருத்தரும் வரமாட்டினம். சொல்லுங்கோ."

"தெரியாது, ஐயா."

"சொல்லுங்கோ!"

அவன் கை மேசையில் ஓங்கி விழுந்தது.

அவள் கண்ணை மூடினாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கொடுத்தாள். அடிக்கு வாகாக.



அவன் கதிரையிலிருந்து சரிந்து, அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். தலைமயிர் நரைத்த ஆம்பிளை, சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதான். இந்தப் பூமியில் அந்த இடம் தெரிந்தது இவள் ஒருத்திக்குத்தான். இன்றைக்கும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் அழுதானோ.

தலையில் ஒரு கை பட்டது.

"ஜெயா?"

எதைக் கேட்டு அப்படி நினைத்தாளோ. குரலாக இருக்கலாம்.

"நீ செத்திட்டாய் எண்டு அவங்கள் சொன்னவங்கள். நான் நம்பேல்லை." அவள் குனிந்து அவன் காதுக்குள் பேசினாள். "உயிரோடதானே இருக்கிறாய்?"

இப்போது கேட்கலாம். எங்கே விட்டாய் என்று ஜெயாவாகவே கேட்கலாம். சொல்லிவிடுவாள்.

அவள் விரல்கள் அவன் மயிரைக் கோதின. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஓம், மலர்," என்றான். "இருக்கிறன்."

அவள் நெஞ்சு இறங்க மூச்சு விட்டாள்.

"அப்ப கெதியா வீட்ட போ. உன்ர தம்பி தேடித் திரிவான்."