கையொப்பமில்லாத அப்டேட்

அவள் லேப்டாப்பை மூடினாள். மூடியதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"பாஸ்வேர்டைச் சொல்லு சுகிர்தா," என்றார் முதலாளி.

அவர் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டாள்.

பெண்கள் மாதவிலக்குத் தேதியைக் குறித்து வைக்கும் செயலி அது. உருவாக்கியவள் அவள். தள்ளிப்போன நாள், வலியில் சுருண்ட நாள், கரு கலைந்த நாள், எல்லாவற்றையும் நம்பி அதில் எழுதுகிறார்கள்.

இன்றைய அப்டேட் வெளியே போனால், அத்தனையும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். பேரம் முடிந்தாயிற்று.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

டிஜிட்டல் கையொப்பம் இல்லாமல் அப்டேட் போகாது. கையொப்பமிடும் சாவியின் பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டுமே தெரியும். தொடங்கிய காலத்தில் அதைக் கேட்டு வாங்கி வைக்க இங்கே எவருக்கும் நேரமில்லை.

"வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின.

கைகளை எடுக்கவில்லை.

முதலாளி பக்கத்து இருக்கை மோகன்ராமைக் கூப்பிட்டார்.

"இவ இல்லேன்னா உலகம் நின்னுடுமா? நீ புதுச் சாவி ஒண்ணு போடுப்பா."

போட்டான். கையொப்பமிட்டான். பழைய செயலி இருந்த ஆபீஸ் போனில் ஏற்றிப் பார்த்தான்.

போன் மறுத்தது.

இரண்டு கையொப்பங்களின் சான்றிதழ்களையும் திறந்து பார்த்தார்கள். பழையது ஒரு சாவியுடையது, புதியது வேறொன்றுடையது. முன்பின் தெரியாத கையொப்பத்தைப் போன் உள்ளே விடவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போனுக்கு இருக்கிற ரோஷம்கூட இந்த ஆபீஸில் இல்லை.

"வேற வழி?"

மோகன்ராம் போனைக் கீழே வைத்தான். "பழைய ஆப்பை யூஸ் பண்றவங்களே டெலீட் பண்ணிட்டு, புதுசை டவுன்லோட் பண்ணணும் சார். எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பணும்."

"அனுப்பு."

அவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"எதுக்குன்னும் சேர்த்து எழுதுங்க சார். முதல் ஆளா டவுன்லோட் பண்ணது என் வொய்ஃப்தான்னு பொங்கல் விழாவுல மைக் பிடிச்சுச் சொன்னீங்களே. அவங்ககிட்ட இருந்தே ஆரம்பிங்க."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

பாதிப் படி இறங்கும்போது மோகன்ராமின் குரல் வந்தது.

"என்னன்னு எழுதட்டும் சார்?"

சற்றுப் பொறுத்து, மறுபடியும் அதையே கேட்டான்.