மிச்சம் வைத்த ஒன்று

இருபத்துநான்கு பேரைக் கொன்றாயிற்று. இவன் ஒருவன்தான் பாக்கி. இவனைக் கொன்றால் அவர் என்னைக் கொன்றுவிடுவார் என்று நினைத்தபடி அவள் விரலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன அண்ணி, இன்னும் உசுரோடவா வச்சிருக்கீங்க?” போனில் நாத்தனார் சிரித்தாள்.

“கை வரமாட்டேங்குது.”

“ப்ளகின் அண்ணி அது. ரத்தமெல்லாம் வராது.”

இணையப் பக்கங்கள் கட்டிக்கொடுப்பது நாத்தனாரின் தொழில். அண்ணியின் தையல் வலைப்பூவும் அவள் கட்டியதுதான். பார்த்த ப்ளகினையெல்லாம் ஆசைப்பட்டு அதில் செருகிக்கொண்டது மட்டும் அண்ணியின் தப்பு. பனி கொட்ட ஒரு குட்டி நிரல், கடிகாரம் காட்ட ஒன்று, வந்தவர்களுக்குக் கையாட்டும் பொம்மைக்கு ஒன்று என்று இருபத்தாறு சேர்ந்துவிட்டன. பக்கம் திறப்பதற்குள் ஒரு பொத்தான் தைத்துவிடலாம். நேரலைப் பாட நேரத்தில் முப்பது பேர் சேர்ந்து வந்தால் அப்படியே நின்றுபோகும்.

ஒவ்வொன்றாக அணைத்துப் பார், எதுவும் உடையவில்லை என்றால் அது தேவையே இல்லை, அழித்துவிடு என்பது நாத்தனாரின் வேலை முறை. காலையிலிருந்து அணைத்ததில் எதுவுமே உடையவில்லை.

“வகுப்பை ஓட்டிச் சோறு போடுறது ஒன்னு இருக்குல்ல, அதை மட்டும் தொடாதீங்க. மிச்சத்தை நாலு மணிக்குள்ள முடிச்சிடுங்க.”

“இது உங்கண்ணன் போட்டது.”



அந்த இருபத்தைந்தாவது, வாசகர்கள் எழுதுவதையெல்லாம் முதலில் அவள் கணவனின் செல்போனுக்கு அனுப்பும். அவன் விட்டது மட்டும் பக்கத்தில் வரும். அவள் நடத்தும் பாடத்தை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. கீழே யார் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் கண். ‘அருமை அக்கா’வை விடுவான். ‘கையில் என்ன காயம் அக்கா?’ என்று கேட்டவளை விடவில்லை. அன்று அந்தக் கேள்விக்கு அவளிடம்தான் பதில் கேட்டான், பெல்ட்டோடு.

“அணைச்சுப் பாருங்க அண்ணி.” நாத்தனாரின் குரலில் இப்போது சிரிப்பில்லை. “என்னதான் உடையுதுன்னு பாப்போம்.”

அணைத்தாள். கண்ணிமைப்பதற்குள் பக்கம் திறந்தது. அழித்தாள்.

நாலேகாலுக்கு வாசல் கதவு சுவரில் மோதியது. மேசையில் சட்டைக் காலருக்கான துணியை விரித்து, “இங்க அரை அங்குலம் விட்டு வெட்டணும், இல்லேன்னா கழுத்தைப் பிடிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“யாரோட பேச்சு?”

“துணியோடதாங்க.”

“புருஷன் போட்டதைப் பிடுங்கி எறியற அளவுக்கு வந்துட்டியா?” செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். இணைப்பு அறுந்துவிட்டது என்றது அது. நீட்டிய கையாலேயே அறைந்தான். போனின் விளிம்பு பட்டு உதடு கிழிந்தது.

சரி, உடைந்தது உதடுதான் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று நிதானமாகக் குறித்துக்கொண்டது.

முடியைப் பிடித்து மேசையில் மோதினான். ஊசி டப்பா கவிழ்ந்தது. அவள் முழங்கை இடித்ததில், துணியைப் பார்த்துக் குனிந்திருந்த சின்ன கேமரா, யார் வந்தது என்று கேட்பதுபோல் தலை நிமிர்ந்தது. காலரில் ரத்தம் சொட்டியது.

வழக்கமாக இந்த இடத்தில் அவள் தனக்குள்ளே ஓர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வாய் மட்டும் வெளியே நின்று ‘மன்னிச்சிடுங்க’ என்று சொல்லும். இன்று அந்த அறை பூட்டிக் கிடந்தது. மொத்த வலியையும் வெளியிலேயே நின்று வாங்க வேண்டியிருந்தது. தாங்கவும் முடிந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

“எழுந்திரு. அதைத் திரும்பப் போடு.”

அவள் எழுந்தாள். போடவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தான். அதன் இரண்டு வாய்க்கும் நடுவில் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். “இப்பவே போடறே. இல்லே, பத்து விரலையும் நறுக்கிடுவேன். அப்புறம் எவளுக்கு என்னத்தைத் தைச்சுக் காட்டறேன்னு பாக்கறேன்.”

தோல் வெட்டுப்பட்டு விரலில் சூடாக ஓடியது. அவள் கண் ஒரு நொடி கணினித் திரைக்குப் போய்த் திரும்பியது.

“அங்க என்ன பார்வை? நீ கத்தினா ஏன்னு கேக்க நாதி இருக்கா உனக்கு? போடுடீ!”

“மாட்டேங்க,” என்றாள் மெதுவாக. “வகுப்பு நடந்துக்கிட்டிருக்கு. முன்னூத்தி நாப்பது பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்கு ஒரு தடவைகூட நிக்கலை.”