காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

"எங்கம்மாவுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, உன் கடைக்குப் பூட்டு நான்தான் போடுவேன்!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் பஹ்ரோம் போட்ட சத்தத்தில் அழகு நிலையக்காரி சனோபர் இரண்டு அடி பின்வாங்கினாள்.

நேற்று மாலைதான் அவனுடைய அம்மா முகர்ரமுக்குத் தலைக்கு டை அடித்து அனுப்பியிருந்தாள். நாளைக்கு அந்த அம்மாளின் இளைய மகனுக்குக் கல்யாணம். மர்கிலான் ஊரில் பாதிப் பேருக்கு அழைப்பு. காலையில் பார்த்தால் முகம் பூசணிக்காயாக வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டுவிட்டன.

உள்ளே கட்டிலில் முகர்ரம் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் வெளியே கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் சனோபரும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த இழுப்பு வராமல் போய்விட்டால்?

டாக்டர் ரானோ வெளியே வந்தார்.

"அலர்ஜி. ஊசி போட்டிருக்கேன். தொண்டை வீங்காம இருக்கணும், அதுதான் எனக்குக் கவலை." சனோபரைப் பார்த்தார். "நீதான் டை அடிச்சவளா? ரெண்டு நாள் முன்னாடி காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வெச்சுப் பார்த்தியா? எங்கே பார்க்கறீங்க! எல்லாம் அவசரம், அப்படியே தலையில கொட்டிடறீங்க."

"பார்த்தோம் டாக்டரம்மா! நாலு நாள் முன்னாடியே சின்ன சீசாவுல குடுத்தனுப்பினேன். ரெண்டு நாள் கழுவாதீங்க, அரிச்சாலோ சிவந்தாலோ சொல்லுங்கன்னேன். ஒண்ணும் ஆகலைன்னு சொன்னப்புறம்தான் கையில பிரஷ்ஷையே எடுத்தேன்."

"சீசாவை யார்கிட்ட குடுத்தே?"

"மருமக நிகோராகிட்ட."

முகர்ரம் வீட்டில் விடியற்காலையில் வாசல் பெருக்குவதிலிருந்து விருந்தாளிக்கு மாட்ட வாகாகச் செருப்பைத் திருப்பி வைப்பது வரை பஹ்ரோமின் மனைவியான இந்த மருமகள்தான். சீசா வாங்க வந்தவளும் அவள்தான். இப்போது சுவரோடு சுவராக நின்றிருந்தாள். தலையில் கட்டிய துணி நெற்றி வரை இறங்கியிருந்தது.

"நிகோரா, சொல்லும்மா! உன் கையிலதானே குடுத்தேன்?"

"ஆமா அக்கா."

"பொட்டு வெச்சாச்சா?" என்றார் டாக்டர்.

"வெச்சாச்சு. ரெண்டு நாள் தண்ணியே படலை."

"அரிச்சுதா? சிவந்துதா?"

"இல்லை."

சனோபருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே போகவும் போயிற்று.

"அப்போ இது எப்படி?" டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "சீசாவுல குடுத்தது ஒண்ணு, தலையில அடிச்சது வேற ஒண்ணா?"

சனோபர் கையை நெஞ்சில் வைத்தாள்.

"நான் சாப்பிடற ரொட்டி மேல சத்தியமா, ரெண்டும் ஒரே டப்பா!"

"கல்யாண வீடு, காசு நிறைய பார்க்கலாம்னு மட்டச் சரக்கை அடிச்சு விட்டுட்டா!" பஹ்ரோம் போனை எடுத்தான். "போலீஸ் வரட்டும். அவங்ககிட்ட சத்தியம் பண்ணு."

கடை போனால் போகட்டும், அந்த அம்மாள் பிழைத்தால் போதும் என்றது ஒரு மனசு. கடை போய்விட்டால் உன் இரண்டு பெண்களும் எங்கே நிற்கும் என்றது இன்னொரு மனசு. எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் சனோபர் அழ ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் இருங்கப்பா," என்றார் டாக்டர். "டைக் கறை அவ்வளவு சுலபத்துல போகாது. பொட்டு வெச்ச இடத்தைப் பார்த்துட்டா வெச்சது நிஜமான்னு தெரிஞ்சுடும்."

எல்லோரும் பின்னாலேயே உள்ளே போனார்கள். ஊசி வேலை செய்திருக்க வேண்டும், முகர்ரமுக்கு இப்போது மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. டாக்டர் வலது காதை மடக்கிப் பார்த்தார். இடது காதையும் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்லையே! பொட்டு வெச்ச அடையாளமே இல்லை."

எல்லார் பார்வையும் நிகோரா மேல் திரும்பியது.

"வெக்கவே இல்லையா நீ?" பஹ்ரோம் பல்லைக் கடித்தான். "இவ்வளவு நேரம் வெச்சாச்சு வெச்சாச்சுன்னு கூசாம பொய் சொன்னியா? எங்கம்மாவைக் கொல்லப் பார்த்திருக்கே! கல்யாணம் முடியட்டும், உன்னை உங்கப்பன் வீட்டுல கொண்டு போய் விட்டுட்டு வர்றேன்."

நிகோரா மாமியாரைப் பார்த்தாள். வீங்கிய உதடு ஒரு தரம் அசைந்தது. பிறகு முகர்ரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சனோபர் பாய்ந்து போய் நிகோராவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என் பொழைப்பே போகுதுடி! வெச்சேன்னா, எங்கேடி வெச்சே? வாயைத் திறந்து சொல்லேன்!"

நிகோரா மெதுவாகத் தலைத் துணியை விலக்கினாள். அவளுடைய வலது காதுக்குப் பின்னால், மிளகு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு.

பஹ்ரோமின் கை போனோடு கீழே இறங்கியது.

"உன் காதுலயா?" என்றார் டாக்டர்.

"அத்தைக்கு பயம் டாக்டரம்மா. அரிச்சுக் கொப்புளம் வந்துட்டா கல்யாண வீட்டுல சொறிஞ்சுக்கிட்டு நிக்கணுமேன்னு. 'நீயே வெச்சுக்கோ. நீ வேற, நான் வேறயா?'ன்னு கேட்டாங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"படிச்ச பொண்ணுதானே நீ? உன் தோல் வேற, அவங்க தோல் வேறன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்." நிகோரா துணியை மறுபடி காது மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். "இந்த வீட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. 'நீ வேற, நான் வேறயா?'ன்னு அத்தை என்னைக் கேட்டது, அன்னைக்கு ஒரு நாள்தான் டாக்டரம்மா."