மூன்றாவது பெயர்

இடம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது. அந்தமானா, பாம்பேயா. நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் சட்னிக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு எங்கேயாவது போய்வர அலுவலகம் கொடுக்கும் சலுகை அது. ஒவ்வொரு முறையும் ஏதாவது வந்து தட்டிப்போகும். ஒருமுறை நாத்தனார் பிரசவம். ஒருமுறை மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மார்ச்சோடு அவருக்கு ஓய்வு. இதை விட்டால் இனி இல்லை.

அந்தமான் அவளுடைய ஆசைதான்.

கல்யாணமான புதிதில் ஒரு காலண்டர் படத்தைக் கத்தரித்து பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, பச்சையாக ஒரு கடல். புடவை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பாள். அந்தத் தண்ணீரில் ஒரு தடவை காலை நனைத்தால் போதும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். அப்போதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், இப்போது விமானம் கிளம்பும் நேரம் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறார்.

கேட்டபோது கொடுத்திருக்கலாம்.

இப்போது மும்பையில் குழலி இருக்கிறாள்.

ஒரே மகள். வேலைக்குப் போன ஊரில் தானாகவே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடமாகிறது. செய்தி வந்த அன்று, "அவ பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்றார். யாரும் என்றால் வேறு யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

சொன்னபடி அவரும் எடுக்கவில்லை. கல்யாணம் என்ற சொல்கூட அவர் வாயிலிருந்து வருவதில்லை. பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம், "விசேஷம் என்னைக்கு?" என்றுதான் கேட்பார்.

அவர் அலுவலகம் போனபிறகு அவள் மகளோடு போனில் பேசுவாள். குழலிக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம், "அம்மா, உன் கையால ஒரு வாய் ரசஞ்சோறு சாப்பிடணும் போல இருக்கும்மா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டும். அந்த வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எழுது என்கிறார். எப்படி எழுதுவது? மும்பை என்றால் எதற்கென்று அவருக்குத் தெரியாதா? எங்கேயும் போக வேண்டாம் என்று கிழித்துப் போட்டுவிட்டால்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்.

அந்தமான் என்று எழுதினால் வம்பில்லை.

இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"கப்பல்ல தலை சுத்துமாமேங்க."

"ப்ளேன்லதான போறோம்."

"அங்க எங்க பாத்தாலும் மீனுதானாம்."

"நாம தயிர்சாதம் சாப்டுக்கலாம்."

செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு பக்கம் திரும்பியது. இன்னொரு பக்கம் திரும்பியது.

"பாம்பேலயும் கடல் இருக்கு" என்றார், தாளுக்குப் பின்னாலிருந்து.

கடைசி வெங்காயத்தையும் உரித்துப் போட்டுவிட்டு, நேரத்தைக் கடத்தப் படிவத்தை மேலிருந்து படித்தாள்.

அச்சடித்த மாதிரி கையெழுத்து. முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் படிவங்களில் பிழை பிடித்த கை. ஒரு தேதி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த அலுவலகத்தில் பாதிப் பேர் அவரோடு பேசாததற்கு அதுதான் காரணம்.

பயணம் செய்யும் குடும்பத்தினர்.

முதலில் அவர் பெயர். அடுத்து அவள் பெயர்.

மூன்றாவதாக, கார்குழலி. மகள். வயது இருபத்தேழு.

இன்னொரு முறை படித்தாள்.

கடைசியாக இந்த வாசலைத் தாண்டிப் போனபோது குழலிக்கு இருபத்து நான்கு. இருபத்தேழு முடிந்தது போன செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் அவர் நெற்றியில் விபூதியோடு கோயிலிலிருந்து திரும்பினார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

பாவி மனுஷன், எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

மும்பை என்று எழுதினாள். அவசரத்தில் எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

அவர் வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல மேலிருந்து சரிபார்த்தார். மூன்றாவது பெயரில் விரல் நின்றது.

வெகுநேரம் நின்றது.

எழுந்து உள்ளே போய் ஸ்கேலை எடுத்துவந்தார். பெயரின்மேல் வைத்து, நேராக ஒரு கோடு கிழித்தார்.

"ஏங்க" என்றாள்.

அடித்த இடத்தின் ஓரத்தில், திருத்தினால் போட வேண்டிய சின்னக் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடினார்.

"தப்பா எழுதிட்டேன்" என்றார், அவளைப் பார்க்காமல். "கல்யாணமான பொண்ணுக்கு இதுல கிடையாது."

அவள் வெங்காயத்துக்குக் கையை நீட்டினாள்.

எல்லாம் உரித்தாகியிருந்தது.