ஒரே சுரம்

"காலையிலேர்ந்து ஒரே சுரம்! காது புளிச்சுப் போச்சு சார்" என்றபடி மாடியேறி வந்தார் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர். சுருதி காட்டும் ட்யூனரை இரவல் கொடுத்தவரே அவர்தான்.

மேல்வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்தார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். நாளைக்குப் பொண்ணுக்குப் போட்டி. எல்லாமே ஒரே சுரத்துல நிக்கணும்."

"எல்லாமேவா? அப்படி ஒரு வாத்தியத்தை நான் பார்த்ததே இல்லையே!"

"போன வருஷம் நான் சரியா முறுக்கல. பாதியிலேயே விட்டுட்டு அழுதுக்கிட்டே வந்தா. இந்தத் தடவையும் தோத்தா இதைத் தொடவே மாட்டாளாம்."

"முறுக்கினா மட்டும் போதுமா? தினமும் சாதகம் பண்ணணும்."

"பண்றா டீச்சர். மூச்சு வாங்குது, பாவம்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் கடைக்குக் கிளம்பிய டீச்சரைத் தெருமுனையில் கூட்டம் மறித்தது. கயிறு கட்டிய சாலையில் இரண்டு சைக்கிள்கள் சீறி வந்தன. ஒன்றில் மேல்வீட்டுப் பெண்.

"சக்கரம் துளி ஆடுதா பாருங்க டீச்சர்!" கூட்டத்திலிருந்து மேல்வீட்டுக்காரர் கத்தினார். "கம்பி ஒவ்வொண்ணையும் தட்டி, உங்க ட்யூனரைப் பார்த்து முறுக்கினேன். எல்லாம் ஒரே இறுக்கத்துல இருந்தா சக்கரம் கோணாது. சைக்கிளுக்குன்னா தர மாட்டீங்கன்னுதான் சொல்லல!"

டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற சைக்கிள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மிதிடி என் தங்கம், மிதி!" டீச்சர் கத்தினார்.

பெண் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

அன்று மாலை பாட்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை டீச்சர் கையை ஆட்டியே திருப்பி அனுப்பினார். அவருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது.