இடம் சொல்லாதவர்

"சப்மிட் பண்ணுப்பா!" என்று கத்தினாள் கீர்த்தி.

தண்டபாணி செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகு கட்டிக் கிடக்க, வீட்டில் சும்மா இருந்த அப்பாவுக்கு அவள்தான் அந்த வெப்சைட்டைக் காட்டினாள். எங்கோ இருக்கிற நட்சத்திரத்தின் வெளிச்சம் அதில் ஒரு கோடாக வரும். கோட்டில் பள்ளம் விழுந்தால், யாருமே பார்க்காத ராட்சதக் கிரகம் ஒன்று குறுக்கே போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். முதலில் சொல்கிறவர் பெயரை விஞ்ஞானிகள் போடுவார்கள்.

அப்பாவுக்குப் பள்ளம் மாட்டிவிட்டது. சொல்லத்தான் மாட்டேன் என்கிறார்.

"மீன் கீற எடத்த எவனாச்சும் சொல்லுவானா?"

"இது மீன் இல்லப்பா, கிரகம்!"

"எதுவா இருந்தா இன்னா? எடம் எடந்தான்."

சொந்த மச்சானுக்கே மீன் இருக்கும் இடத்தைச் சொல்லாத அழுத்தக்காரர் அவர். காசிமேடே திட்டும்.

"உன் தோஸ்து சாலமன் மாமா கால் ஒடஞ்சி படுத்துக்கினுகீறாரு. 'இனிமே நான் எதுக்கும் ஒதவ மாட்டேன்'னு யார்கிட்டயும் பேசறதில்ல. அவருக்கும் இந்த சைட்டைப் போட்டுக் குடுத்தேன். பாவம், ஒண்ணும் மாட்டல. உனக்கு மாட்டியும் மூடி வெச்சிக்கினுகீற!"

தண்டபாணி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சுருக்கென்று தைத்திருக்கும், தைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை சாலமனிடமிருந்து போன். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"கீர்த்தி, மாட்டிக்கிச்சும்மா! பள்ளம்னா பள்ளம், அப்டி ஒரு பள்ளம்! சப்மிட்டும் பண்ட்டேன். மொதல்ல பாத்தது நான்தான்னு பதிலே வந்துட்ச்சி!"

"சூப்பர் மாமா! எப்படிக் கெடச்சுது?"

"நேத்து உங்கப்பன் வந்தான். 'எனக்கு ஒரு எழவும் தெரில, எல்லாம் குப்ப, நீயே வெச்சிக்கோ'ன்னு நாலு நட்சத்திரத்த அனுப்பிட்டுப் போனான். அதுல ஒண்ணுலதான் கீது! இந்தக் கண்ண வெச்சிக்கினு எப்டித்தான் படகு ஓட்றானோ!"

சாலமன் விழுந்து விழுந்து சிரித்தார்.

கீர்த்தி போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தண்டபாணி வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இன்னா பாக்கற? எடத்த நான் சொல்லவே இல்லியே. வல போட்டது அவன்தான்."